பழைய சேலையில் ஒரு போர்வை: யாருக்கு, என்ன நிறத்தில்?

(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தையல் பற்றி அரைமணி நேரம் பேசச் சொல்லி நம் சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார். ஜாக்கெட் தைப்பதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். ஒருவருக்குப் பிடித்த நிறங்களைக் கேட்டு, அந்த நிறங்களில் துணியை வெட்டி ஒட்டி, அவருக்கென்றே ஒரு போர்வை தைத்துக் கொடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. கடைக்காரர்கள் இதை ‘க்வில்ட்’ என்பார்கள். நம் பக்கத்தில் ஒட்டுப்போர்வை என்றால் புரியும்.

முதலில் ஒரு கேள்வி வரும். புதுக்கோட்டை வெயிலுக்குப் போர்வை எதற்கு? நியாயமான கேள்வி. சித்திரை, வைகாசியில் மின்விசிறிக் காற்றே அனலாக வருகிறது. பஞ்சு அடைத்த ஜெய்ப்பூர் ரஜாய் போன்ற ஒன்று நமக்கு வேண்டாம். நான் சொல்வது மூன்று அடுக்குப் பருத்தித் துணி மட்டும். உள்ளே பஞ்சு கிடையாது. ஒற்றைக் கட்டில் அளவுக்குத் தைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் இருக்கும். ஏசி போட்ட அறையில் போர்த்திக்கொள்ளலாம். மார்கழியில் விடியற்காலைக் குளிருக்கு ஆகும். மற்ற மாதங்களில் பாய் மேல் விரிப்பாகப் போடலாம். வாளியில் ஊறவைத்துத் துவைக்கலாம், வாஷிங் மெஷினிலும் போடலாம்.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் ‘காந்தா’ செய்தார்கள். மகாராஷ்டிராவில் ‘கோதடி’, பீகாரில் ‘சுஜனி’. எல்லாமே பழைய துணியில் பிறந்தவை.

நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் ‘கவந்த்’ என்று பெயர். அவர்கள் தைக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுவில் வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகவே அவர்கள் கணக்கில் சேராது.

தமிழ்நாட்டிலும் வெட்டுத்துணி வேலைக்குக் குறைவில்லை. தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருக்கிறீர்கள். உருளை உருளையாகத் தொங்குமே, அதுதான். தொம்பையும் தேர்ச்சீலையும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று துணியை வெட்டி வைத்துத் தைப்பவைதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் இதில் பேர் பெற்றவர்கள். நம் வீடுகளில் பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது பழைய சேலைத் துணியில். தூளி கட்டுவதும் பழைய சேலையில். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பருத்திக்கு ஈடான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

சரி, பிடித்த நிறத்துக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. தையல் அப்புறம்.

சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். காலேஜ் போகிறவர்கள் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் வீட்டுப் பெரிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள். “எனக்கென்ன கலர் வேண்டிக்கிடக்கு? எது இருக்கோ அதைப் போடு” என்பார்கள். கணவரை இழந்தவர்கள் என்றால் அதுகூட வராது. நம் பக்கத்து ஊர்களில் எத்தனை பேர் முப்பது வயதில், நாற்பது வயதில் வெள்ளைக்கு மாறியிருக்கிறார்கள்! வெள்ளை இல்லாவிட்டால் சாம்பல், இல்லாவிட்டால் வெளிறிய காவி. அதன் பிறகு அவர்களிடம் யாரும் நிறத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்கக் கூடாது என்றுகூட இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என் மாமியார் அப்படிப்பட்டவர். பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமம். மாமா இறந்து இருபத்தாறு வருஷமாக வெள்ளைதான். எண்பது வயது நெருங்கும்போது அவருக்கு ஒரு போர்வை தைக்கலாம் என்று நினைத்து, “அத்தை, உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்று கேட்டேன். “எனக்கெதுக்குத்தா கலரு?” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த மாதிரி இடத்தில் நேராகக் கேட்டுப் பயன் இல்லை. நான் கண்டுகொண்ட வழிகள் மூன்று. ஒன்று, அவர்களுடைய பழைய பெட்டியைத் திறக்கச் சொல்வது. எதை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்களோ அதில் பதில் இருக்கும். இரண்டு, கல்யாணத்துக்கு என்ன சேலை எடுத்தார்கள், முதல் பிள்ளை பிறந்தபோது என்ன கட்டியிருந்தார்கள் என்று கதை கேட்பது. நிறத்தைக் கேட்டால் பதில் வராது, கதையைக் கேட்டால் நிறம் தானாக வரும். மூன்று, நாலைந்து துணித் துண்டுகளை அவர்கள் கண்ணெதிரே பரப்பிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்ப்பது. கை எந்தத் துண்டுக்குப் போகிறது என்று கவனித்தால் போதும்.

அத்தையின் பெட்டியில் ஒரு கண்டாங்கி இருந்தது. கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்புமாகக் கட்டம் போட்டது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செட்டிநாட்டின் ஒரு பகுதி நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது, நம் ஊர்ப் பெண்கள் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கட்டித் தேய்த்த சேலை அது. மாமா வாங்கிக் கொடுத்தது. அதை அவர் கட்டவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

இங்கேதான் பிரச்சினை வந்தது. என் நாத்தனாருக்கு இரண்டு ஆட்சேபணை. ஒன்று, “வெள்ளை கட்டுறவுகளுக்கு மஞ்சளும் செவப்புமாப் போர்வையா? ஊர்ல பாக்குறவுக என்ன சொல்லுவாக?” இரண்டு, “அப்பா வாங்கிக் கொடுத்த சேலையைக் கத்திரியால வெட்டவா போறீங்க?” இரண்டையும் நான் தள்ளிவிடவில்லை. முதலாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அத்தை. இரண்டாவது, நியாயமான பயம். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.

இரண்டாவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பயன்படும்.

ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம் போதும். 12 அங்குலக் கட்டம் என்றால் அகலத்தில் 5, நீளத்தில் 7, ஆக மொத்தம் 35 கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் 13 அங்குலமாக வெட்ட வேண்டும். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும். இந்த 35-இல் 18 கட்டம் முக்கிய நிறம், 12 கட்டம் துணை நிறம், 5 கட்டம் மட்டும் கண்ணை இழுக்கிற ஒரு நிறம் அல்லது ஒரு டிசைன். எல்லா நிறத்தையும் சரிசமமாகப் போட்டால் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். சாம்பாரில் பெருங்காயம் போடுகிற அளவுதான் மூன்றாவது நிறம்.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. கரையை ஒதுக்கிவிட்டு, குறுக்கே இரண்டு கட்டம் வைத்து வெட்டினாலும் 30 கட்டத்துக்குக் குறையாமல் கிடைக்கும். ஐந்து கட்டத்துக்கு ஒரு மீட்டர் போதும். ஆக, ஞாபகத்துக்குரிய சேலையை முழுதாக வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. முந்தானையைத் தொடாமல், இடுப்பில் செருகுகிற பக்கத்திலிருந்து ஒரு மீட்டர் எடுத்தால் போதும். மீதி நாலரை மீட்டர் முந்தானையோடு பெட்டிக்குத் திரும்பிவிடும். இதைச் சொன்னதும் நாத்தனார், “அந்தப் பக்கந்தான் நைஞ்சும் போயிருக்கும், அதையே எடுங்க” என்று அவரே கத்திரியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் ஆட்சேபணைக்கு அத்தை பதில் சொன்னாரா? வாயால் சொல்லவில்லை. நான் கட்டங்களை எல்லாம் ஹாலில் தரையில் பரப்பி வைத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைத்தடியை நீட்டி, “அந்த அரக்கு ரெண்டும் ஒண்ணா நிக்குது பாரு, ஒண்ணைத் தள்ளு” என்றார். அப்புறம் “அந்த மஞ்சளை இந்தப் பக்கம் கொண்டா”. முக்கால் மணி நேரம் நானும் நாத்தனாரும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தோம். நிறமே வேண்டாம் என்றவர் 35 கட்டத்துக்கும் இடம் சொன்னார். கடைசியில் மகளைப் பார்த்து, “போத்திக்கத்தானடி போறேன், உடுத்தவா போறேன்” என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் ஊரைப் பற்றிப் பேசவில்லை.

இன்னமும் அவர் வெள்ளைதான் கட்டுகிறார். ஒரு போர்வை அதை மாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துவைத்துக் காயப்போட்ட அன்று மழை தூறினால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான்.

1942-இல் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண் தன் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடைகளை வெட்டி ஒரு ஒட்டுப்போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த துணி, வெயிலில் வெளுத்த துணி, எல்லாம் அதில் அப்படியே தெரியும். அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளைப் பிற்காலத்தில் பெரிய அருங்காட்சியகங்களில் சுவரில் மாட்டினார்கள். ஆனால் அவர் தைத்தது சுவருக்காக இல்லை. போர்த்திக்கொள்ளத்தான். நம் பருத்திக்காட்டிலும் கடலைக் கொல்லையிலும் பாடுபட்டவர்களின் வேட்டியும் கைலியும் அதற்குக் குறைந்தவை இல்லை.

இனி செய்முறை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

துணி. பருத்தி மட்டும். பட்டு வேண்டாம், துவைக்க முடியாது, பழைய பட்டு மடிப்பில் கிழியும். பாலியெஸ்டர் வியர்க்கும். பருத்தியோடு அதைக் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, போர்வை சுருக்கம் விழுந்து நிற்கும். பழைய துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டிருக்கும் இடம் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுங்கள், சத்தம் கேட்டால் அந்தத் துண்டு ஆகாது. வெட்டும் முன் எல்லாத் துணியையும் ஒரு முறை துவைத்துவிடுங்கள். புதுத்துணி சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், கஞ்சியும் போய்விடும். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரத்துணியை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை இந்தக் காலத்துச் சாயங்களுக்கு நம்பாதீர்கள்.

நிறம். கட்டங்களைத் தரையில் பரப்பிப் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எடுப்பாக இருக்காது. வெளிர், அடர்த்தி இரண்டும் கலந்திருக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தைக்கும்போது இது இன்னும் முக்கியம். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும். நீலத்துக்கும் பச்சைக்கும், நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரிவது குறையும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் “நீலம் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே” என்று ஆச்சரியப்படுவது அதனால்தான். உங்கள் அப்பாவுக்கு நீலம் பிடிக்கும் என்றால் நீலமே போடுங்கள், ஆனால் அடர்நீலத்துக்குப் பக்கத்தில் பச்சையை வைக்காமல் வெள்ளையையோ சந்தன நிறத்தையோ வையுங்கள். அப்போதுதான் அவர் கண்ணுக்கு அந்த நீலம் நீலமாகத் தெரியும்.

அடுக்கு. மேலே 35 கட்டத்தை மெஷினில் இணையுங்கள். முதலில் ஐந்து ஐந்தாக ஏழு வரிசை, பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று. நடுவில் ஒரு பழைய சேலை, அடியில் ஒரு சேலை. அடித்துணி நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். 88 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒரே சேலையில் முடிந்துவிடும். மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் எடுத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்குக் குத்திக்கொண்டே வாருங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும்.

தையல். ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போகும் ஓட்டுத்தையல் போதும். நீளவாக்கில் 2 அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 30 வரி வரும். ஒரு வரி 7 அடி. சாதாரணக் கைக்கு ஒரு வரிக்கு அரைமணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சீரியல் பார்த்துக்கொண்டே தைக்கலாம், தையல் கோணினால் வில்லி மேல் பழி போடலாம்.

ஓரம். 24 அடி ஓரத்துக்குப் பட்டை வேண்டும். சேலையின் இரண்டு கரையும் சேர்ந்தால் 36 அடி இருக்கும். ஜரிகை இல்லாத கரையாகப் பார்த்து அதையே ஓரப்பட்டையாக மடக்கித் தைத்துவிடலாம். இதைவிட அழகான பார்டர் கிடைக்காது. சேலைகள் வீட்டில் இருந்தால் நூல், ஊசி, ஊக்கு எல்லாம் சேர்த்துச் செலவு 200 ரூபாயைத் தாண்டாது. உள்பக்க மூலையில் யாருக்கு, யார் தைத்தது, எந்த வருஷம் என்று நூலால் எழுதிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த ஒரு வரிதான் சாட்சி.

பராமரிப்பு. நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி காயவையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் வைக்காதீர்கள், ஈரம் நின்று கரும்புள்ளி விழும். துணிப்பையில் போட்டு, காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிறந்த குழந்தைக்குப் பரிசாகத் தைப்பவர்கள் கவனியுங்கள். ஒரு வயது ஆகும் வரை, குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையும் தலையணையும் வைக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தை மூடினால் விலக்கத் தெரியாது, மூச்சு முட்டும். அதனால் பச்சைக் குழந்தைக்கு விளையாட்டு விரிப்பாகத் தையுங்கள். 36 அங்குலச் சதுரம் போதும். விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடலாம். பொத்தான், மணி, ஜிமிக்கி எதுவும் தைக்க வேண்டாம். ஒரு வயது தாண்டியதும் அதுவே போர்வையாகிவிடும். இதை அந்தத் தாயிடமும் சொல்லிக் கொடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்துக்கு நிவாரணமாகப் பாயும் போர்வையும் வந்தன. அதில் யாருக்கு என்ன நிறம் என்று பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. அன்றைக்குப் போர்வை வந்ததே பெரிது. ஆனால் பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக் கொடுக்கும்போதும் நாம் அப்படியே, கையில் கிடைத்ததைக் கொடுத்துப் பழகிவிட்டோம். அறுபதாம் கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் ஒரே கவர், ஒரே ஹாட்பாக்ஸ். வாங்கிக்கொண்டவருக்கு என்ன பிடிக்கும் என்று நமக்குத் தெரியாது, தெரியாதது உறுத்துவதும் இல்லை.

நம் குடியிருப்பில் எல்லா வீட்டு அலமாரியிலும் கட்டாத பருத்திச் சேலை நாலாவது இருக்கும். பொது அறையில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். என் மெஷினைக் கொண்டுவருகிறேன். தைக்கத் தெரியாதவர்கள் கட்டம் வெட்டலாம், ஊக்குக் குத்தலாம். ஆண்களும் வரலாம், அளவு எடுத்துக் கோடு போட ஆள் வேண்டும்.

வருவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். யாருக்குத் தைக்கப் போகிறீர்களோ அவரிடம் என்ன நிறம் பிடிக்கும் என்று கேளுங்கள். “எனக்கெதுக்கு” என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.